ஏறாத ஆளுக்கு ஒரு டிக்கெட்டு

போன மாசம் எங்க ஊர் வாட்ஸப் குரூப்புல ஒருத்தர் பழைய நியூஸ் ஒண்ண எடுத்துப் போட்டாரு. தெலங்கானாவுல வாரங்கல் பக்கம் நெக்கொண்டான்னு ஒரு ஸ்டேஷன். அங்க எக்ஸ்பிரஸ் நிக்கிறத எடுத்துடுவாங்களோன்னு பயந்து சுத்துப்பட்டு ஜனங்க காசு போட்டு தினம் டிக்கெட்டு வாங்குனாங்களாம், ஏறிப் போறதுக்கு இல்ல, கணக்குல காட்டுறதுக்கு. அதுக்குக் கீழ எங்க ஆளுங்க ஆரம்பிச்சுட்டாங்க. "நாமளும் இப்படிப் பண்ணா என்ன?"ன்னு ஒருத்தர், "சூப்பர் ஐடியா மாமா"ன்னு ஒருத்தன், சிங்கப்பூர்லேர்ந்து ஒருத்தன் மாசம் ஆயிரம் ரூபா என் பங்குன்னு. கட்டைவிரலா கொட்டுச்சு. நானும் என்னமோ டைப் பண்ணேன், அழிச்சேன், திரும்ப டைப் பண்ணேன், போனைக் கவுத்து வெச்சுட்டேன். ஏன்னா அந்த ஐடியா எங்க ஊருக்குப் புதுசு இல்ல. ஒத்த ஆளா ஒரு பொம்பள அத ஏற்கெனவே செஞ்சு பாத்தாச்சு, அது எனக்குத் தெரியும், தெரிஞ்சும் நான் இத்தன நாளா யார்ட்டயும் சொல்லல.

ஊர் பேரு போடலீங்க. அந்தக்காவுக்கு வீணா சங்கடம். திருவாரூர் காரைக்குடி லைன்ல, பட்டுக்கோட்டையத் தாண்டி தெக்கால வர்ற சின்னச் சின்ன ஸ்டாப்பிங்கள்ல ஒண்ணுன்னு மட்டும் வெச்சுக்கங்க. அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு இதுவே போதும்.

ஸ்டேஷன்னு சொன்னா பெருசா எதையும் நெனச்சுக்காதீங்க. ஹால்ட்டு. ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது, சிக்னல் கிடையாது, ஒத்தத் தண்டவாளம், தரையோட தரையா ஒரு பிளாட்பாரம், வண்டியில ஏறணும்னா கெழவிங்கள ஒருத்தர் மேலேர்ந்து இழுக்கணும் ஒருத்தர் கீழேர்ந்து தள்ளணும். ஒரு தகரக் கொட்டாய், ரெண்டு சிமெண்டு பெஞ்சு, மஞ்ச போர்டுல தமிழ், இந்தி, இங்கிலீஷ்னு மூணு பாஷையில ஊர் பேரு. அந்த போர்டு ஓரத்துல நாம கடல் மட்டத்துலேர்ந்து எத்தன மீட்டர் ஒசரத்துல இருக்கோம்னு எழுதியிருக்கும் பாருங்க, எங்க ஊர்ல வேற எங்கயும் யாரும் எழுதி வெக்காத தகவல் அது. சின்னப்புள்ளையில அத வாசிச்சுட்டு சுனாமி வந்தா நாம தப்பிப்போமா மாட்டோமான்னு பெஞ்சுல உக்காந்து சண்ட போட்டிருக்கோம். பக்கத்துல ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்துச்சு. உண்மையச் சொன்னா ஸ்டேஷனுக்கு வந்தவங்கள விட அந்த மர நெழலுக்கு வந்த ஆடுதான் அதிகம்.

மீட்டர்கேஜ் காலத்துல இதே லைன்ல மெட்ராஸ்லேர்ந்து காரைக்குடிக்கு கம்பன் எக்ஸ்பிரஸ் ஓடுச்சு, எங்க ஊர்ல நிக்காது, ஹாரன் மட்டும் அடிச்சுட்டுப் போகும். நிக்கிறது பாசஞ்சர்தான். அப்புறம் 2012ல அகலப்பாதை ஆக்குறோம்னு மூடுனாங்க. ரெண்டு மூணு வருஷத்துல முடிஞ்சுரும்னாங்க. மூடுன அன்னைக்கு ஒண்ணாப்பு சேந்த புள்ள ஆறாப்பு போற வரைக்கும் தண்டவாளத்துல கருவதான் மண்டிக் கெடந்துச்சு. 2018 மார்ச்சுல காரைக்குடி பட்டுக்கோட்டை பாதியில முதல் வண்டி வந்துச்சு, மாலையெல்லாம் போட்டோம், ஆனா தினசரி வண்டின்னு திருவாரூர் வரைக்கும் முழுசா ஓட ஆரம்பிச்சது 2019 ஜூன் 1ல. நடுவுல 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல். தூங்குமூஞ்சி மரம் வேரோட சாஞ்சது அப்பதான். மரம் போனது கூட பரவால்ல, தென்னந்தோப்பு போனதுதான் எங்க பக்கத்து ஜனங்களுக்கு உசுரு போன மாதிரி. ஒரு தென்ன காய்ப்புக்கு வர எத்தன வருஷம்னு உங்களுக்கே தெரியும்.

அந்தக்கா வீட்டுலயும் தென்னைதான் சோறு. ஒரே ராத்திரியில அம்புட்டும் படுத்துருச்சு. வீட்டுக்காரரு திருப்பூருக்குப் போயிட்டாரு. அடுத்த வருஷம் வண்டி வரப்போகுதுன்னதும் ஹால்ட்டுக்கு டிக்கெட்டு விக்க ஏஜெண்டு வேணும்னாங்க, இவங்க எடுத்தாங்க. நெறைய பேரு அத ரயில்வே உத்தியோகம்னு நெனச்சுக்கிட்டு பொறாமப்பட்டாங்க, ஊரு அப்படித்தானே. சம்பளமெல்லாம் கிடையாதுங்க. நம்ம கைக்காசப் போட்டு பெரிய ஸ்டேஷன்ல டிக்கெட்ட மொத்தமா வாங்கிட்டு வரணும், வித்த டிக்கெட்டுக்கு கமிஷன். விக்கலன்னா நம்ம காசு அட்டையா டப்பாவுல தூங்கும். அவ்ளோதான் உத்தியோகம்.

ஆறு மணி நேர வண்டி

2019ல ஓடுன அந்த டெமு வண்டியப் பத்தி, டீசல்ல ஓடுற பாசஞ்சர்தான் அது, ஒரு பாராவாவது எழுதலன்னா எனக்குத் தூக்கம் வராது. சுமார் 150 கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல. சைக்கிள்ல போனா கூட எட்டிப் பிடிச்சுரலாம்னு கிண்டல் பண்ணாத டீக்கடை இல்ல. புதுப் பாதை, புது வண்டி, ஏன் இந்த ஊர்வலம்னா, லைன் பூரா ரோடு குறுக்க போற கேட்டு, கேட்டுக்கு ஆள் போடல. அதனால கேட்கீப்பருங்க வண்டியிலயே வந்தாங்க. கேட்டுக்கு முன்னாடி வண்டிய நிறுத்துவாங்க, முன்னாடி பெட்டிலேர்ந்து ஒருத்தர் எறங்கி ஓடிப் போயி கேட்ட மூடுவாரு, வண்டி மெதுவா தாண்டி திரும்ப நிக்கும், பின்னாடி பெட்டிலேர்ந்து இன்னொருத்தர் எறங்கி கேட்டத் தொறந்து விட்டுட்டு ஓடி வந்து ஏறிக்குவாரு. அடுத்த கேட்டுல திரும்ப இதே கதை. வெயில்ல அந்த மனுசங்க ஏறி எறங்குறதப் பாத்தா லேட்டாவுதுன்னு கத்தக்கூட மனசு வராது. பெட்டியில சும்மா வெளையாட்டுக்கு வந்த பசங்க "நான் மூடட்டுமாண்ணே"ன்னு கேப்பானுங்க.

இப்ப சொல்லுங்க, எங்க ஊர்லேர்ந்து பஸ்ல ஒண்ணரை மணி நேரத்துல போற காரைக்குடிக்கு இதுல யாரு ஏறுவா? அவசரம் இல்லாதவங்க ஏறுனாங்க. காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு மாச மாத்திரை வாங்கப் போற பெருசுங்க, பஸ்ல வாந்தி எடுக்குறவங்க, முருங்கக்கா மூட்ட வெச்சிருக்கவங்க. ஒரு நாளைக்கு நாலு பேரு, அஞ்சு பேரு. சில நாள் யாருமே இல்ல. இத வெச்சுத்தான் எங்க சித்தப்பா, அவரு ரயில்வேயில இருந்து ரிட்டையர் ஆனவரு, எங்கிட்ட பெரிய வாதம் பண்ணுவாரு. நாலு பேருக்காக அம்மாம் பெரிய வண்டிய நிறுத்தி, திரும்ப வேகம் புடிக்க டீசல் எரிச்சு, உள்ள இருக்குற எரநூறு பேரு நேரத்த வீணாக்கணுமா, அந்த நாலு பேரும் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோல போனா என்ன தேஞ்சா போயிருவாங்கன்னு. எனக்கு அவருட்ட பதில் சொல்ல வராது. அவரு சொல்றது கணக்குப்படி சரிதான். எனக்கு எரிச்சல் எங்கன்னா, அந்தக் கணக்குல வர்ற நாலு எப்படி நாலாச்சுங்கறதுதான்.

ஏன்னா நான் அந்தக் கணக்குல விழாத ஆளு. காலேஜு படிச்ச மூணு வருஷமும் மீட்டர்கேஜ் பாசஞ்சர்ல பட்டுக்கோட்டைக்கு ஓசியிலதான் போனேன். நான் மட்டும் இல்ல, எட்டுப் பத்து பேரு. செக்கிங் இருந்தா அவுட்டர்லயே வண்டி மெதுவாகுறப்ப மறுபக்கமா குதிச்சுருவோம். அத வீரம்னு வேற நெனச்சோம். டிக்கெட்டு காசுல புரோட்டா. தினம் பத்து பேரு ஏறுன ஸ்டேஷன் அது, ரயில்வே புத்தகத்துல ஒண்ணோ ரெண்டோன்னு நின்னுருக்கும். மூணு வருஷத்துல நாங்க பத்து பேரும் எத்தன தடவ ஏறாத ஆளா ஏறியிருப்போம்னு ஒரு நாள் போட்டுப் பாத்தேன், பாதியில விட்டுட்டேன், நல்லா இல்ல.

ரஸ்க் டின்

2019 ஐப்பசி. தீவாளிக்கு ஊருக்கு வந்தவன் காரைக்குடியில ஒரு வேலையா போக வேண்டியிருந்துச்சு, சும்மா ஆசைக்கு வண்டியில போலாம்னு ஸ்டேஷனுக்கு நடந்தேன். மழ பேஞ்சு விட்ட காலை, பிளாட்பாரம் பூரா செம்மண் சகதி. நானும் அந்தக்காவும்தான். கொட்டாய்க்குள்ள ஒரு பிளாஸ்டிக் சேரு, முன்னாடி பள்ளிக்கூட டெஸ்க்கு, அதுமேல ரஸ்க் டின்னு. 

"எங்க தம்பி போறிய?"

காரைக்குடின்னேன். டின்னத் தொறந்து ஒரு அட்டைய உருவுனாங்க. அந்த அட்ட டிக்கெட்டு ஞாபகம் இருக்கா உங்களுக்கு? தீப்பெட்டி மேல் அட்ட மாதிரி, கெட்டியா, ஓரத்துல சீரியல் நம்பரு. இங்கிலாந்துல எட்மண்ட்சன்னு ஒருத்தரு 1830கள்ல கண்டுபுடிச்ச முறை, ஒவ்வொரு அட்டைக்கும் நம்பர் இருக்குறதால எங்க எத்தன வித்துச்சுன்னு ஒரு பைசா ஏமாத்த முடியாதுன்னுதான் ஒலகம் பூரா பரவுச்சு. பெரிய ஸ்டேஷன்ல மிஷின்ல சொருகி டடக்னு தேதி குத்துவாங்க. இவங்கட்ட மிஷின் இல்ல, ரப்பர் ஸ்டாம்பு. பேடுல மை காஞ்சு போயி தேதி விழல. பாட்டில் மூடியில தண்ணிய எடுத்து ரெண்டு சொட்டு விட்டு, ஊதி, திரும்ப அழுத்துனாங்க. ஊதாக் கலர்ல பாதி தேதி வந்துச்சு. மீதியப் பேனாவால வரஞ்சாங்க.

சில்லறை எடுக்க டின்ன இன்னும் கொஞ்சம் தொறந்தப்பதான் பாத்தேன். அடியில ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு டிக்கெட்டு. எல்லாத்துலயும் தேதி குத்தியிருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. வேற வேற தேதி, பழைய தேதி.

"என்னக்கா இது, விக்காம தங்கிருச்சா?"

"வித்ததுதான் தம்பி."

"அப்ப ஏன் உங்ககிட்டயே இருக்கு?"

கொஞ்ச நேரம் பேசல. டின்ன மூடுனாங்க. அப்புறம் வேற எங்கயோ பாத்துக்கிட்டு சொன்னாங்க, "எனக்குத்தான் வித்துக்கிட்டேன்."

விசயம் இதுதான். ஆரம்பத்துல ஒரு மாசம் அஞ்சாறு நாள் சைபர். கணக்கு குடுக்கப் போன எடத்துல ஒருத்தரு நோட்டப் புரட்டிப் பாத்துட்டு, உங்க ஊர்ல மனுசங்க இருக்காங்களா இல்லியாம்மா, இப்படியே போச்சுன்னா ஸ்டாப்பிங் எதுக்குன்னு சிரிச்சிருக்காரு. அவரு சும்மா கூடச் சொல்லியிருக்கலாம். இவங்களுக்கு அது தச்சுருச்சு. அன்னையிலேர்ந்து யாரும் வராத நாள்ல, வண்டி ஹாரன் கேட்டதும், தானே பத்து ரூபா டிக்கெட்டு ஒண்ணுல தேதி குத்தி, இடுப்புச் சுருக்குப்பையிலேர்ந்து பத்து ரூபாய எடுத்து டின்னுல போட்டுருவாங்க. சைபர் எழுதக்கூடாது. அவ்ளோதான். கமிஷன்னு பாத்தா அந்தப் பத்து ரூபாயில திரும்பி வர்றது சில்லறை. தென்ன விழுந்த வீடு, திருப்பூர்லேர்ந்து பணம் வந்தாத்தான் அரிசி, அந்தப் பொம்பள ஊரு பேரு கணக்குல இருக்கணும்னு பத்து பத்தா கட்டிக்கிட்டு இருந்திருக்கு. 

நான் கட்ட வாங்கிப் பாத்தேன். எண்ணல. எண்ண ஒரு மாதிரியா இருந்துச்சு. எல்லாம் கம்மி டிக்கெட்டு, பக்கத்து ஸ்டேஷன் வரைக்கும். நடுவுல ஒண்ணே ஒண்ணு மட்டும் கூட காசு டிக்கெட்டு, திருவாரூர் வரைக்கும்.

"இது என்னக்கா?"

சிரிச்சுட்டாங்க. வெக்கப்பட்ட மாதிரி. "அன்னைக்கு எங்கயாச்சும் போனாத் தேவலன்னு இருந்துச்சு தம்பி. தேரு பாக்கலாம்னு."

"போனியளா?"

"நான் ஏறிட்டா இங்க யாரு டிக்கெட்டு குடுக்குறது?"

அப்ப வண்டி வந்துருச்சு. நான் ஏறுனேன். காலேஜு நாள்ல இதே எடத்துல நாங்க பண்ணத அவங்ககிட்ட சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. ஜன்னல் வழியா பாத்தா டெஸ்க்குல குனிஞ்சு நோட்டுல ஒண்ணுன்னு எழுதிக்கிட்டு இருந்தாங்க. அந்த ஒண்ணு நான்தான். நிஜமா ஏறுன ஒண்ணு. ஆனா புத்தகத்துல பாக்குறவனுக்கு முந்தின நாள் ஒண்ணுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் தெரியப் போவுது.

கணக்கு

இந்த எடத்துலதான் எனக்கு ஓடாம நிக்குது. நெக்கொண்டாக்காரங்க பண்ணது, ராஜஸ்தான்ல நாகௌர் மாவட்டத்துல ஜால்சு நானக்குன்னு ஒரு ஹால்ட்டு, 2005ல ரயில்வே மூடப் போக ஊரே உக்காந்து போராடி, மாசம் 1500 டிக்கெட்டு வித்துக் காட்டணும்ங்கற நிபந்தனைக்கு ஒத்துக்கிட்டு, ஊர்க்காரங்களே ஸ்டேஷன நடத்துனாங்க, அதெல்லாம் படிக்க நல்லா இருக்கு. கும்பலா பண்ணா அது போராட்டம், பேப்பர்ல போட்டோ வரும். ஒத்தையா ஒருத்தி ரஸ்க் டின்னுக்குள்ள பண்ணா அதுக்கு என்ன பேரு? சித்தப்பாட்ட சொன்னேன். அவரு பட்டுன்னு, "அது ஃபோர்ஜரி மாதிரிடா, தேவ இல்லாத ஸ்டாப்பிங்க தேவைன்னு காட்டுறது"ன்னாரு. நான் சொன்னேன், நாங்க பத்து பேரு தினம் ஓசியில ஏறி தேவையான ஸ்டாப்பிங்க தேவையில்லன்னு காட்டுனோமே அது என்ன சித்தப்பான்னு. அவரு டீயக் குடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஜெயிச்ச மாதிரி இல்ல, என் மூஞ்சியில நானே துப்பிக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

மத்தபடி கதை சீக்கிரம் முடிஞ்சுரும். 2020 மார்ச்சுல கொரோனா, நாடு பூரா பாசஞ்சர் வண்டி நின்னுச்சு. எங்க லைன்ல ஒரு வருஷத்துக்கு மேல ஆளே இல்ல. திரும்ப விட்டப்ப அதே வண்டிய ஸ்பெஷல்னு பேர மாத்தி, பத்து ரூபா இருந்த கொறஞ்ச டிக்கெட்ட முப்பது ஆக்குனாங்க, அது திரும்ப பத்துக்கு வர 2024 ஆயிருச்சு. நிக்கிற ஊரு லிஸ்ட்டுல நம்ம ஊரு இல்ல. யாரும் வந்து மூடுறோம்னு சொல்லல, பூட்டுப் போடல, சும்மா லிஸ்ட்டுல இல்ல. கேட்டுக்கெல்லாம் ஆள் வந்துருச்சு, வண்டி வேகமாவும் போவுது. 2023 ஏப்ரல்லேர்ந்து தாம்பரம் செங்கோட்டை எக்ஸ்பிரஸ் வேற இந்த வழியா போவுது, குரூப்புல எல்லாரும் ஸ்டேட்டஸ் வெச்சாங்க, நானும் வெச்சேன். பழைய கம்பன் மாதிரியே ஹாரன் அடிச்சுட்டுப் போவுது. தகரக் கொட்டாயில இப்ப நெல்லு மூட்ட அடுக்கியிருக்காங்க. மஞ்ச போர்டு அப்படியே இருக்கு. கடல் மட்டமும்.

குரூப்புல அந்த டிக்கெட்டு ஐடியா மூணு நாள் ஓடுச்சு. அப்புறம் யாரோ, முதல்ல ஸ்டாப்பிங் இருந்தாத்தானே டிக்கெட்டு வாங்க முடியும்னு கேட்டாரு. அதோட அமைதி. அடுத்த நாள் கும்பாபிஷேக வசூல் லிஸ்ட்டு வந்துருச்சு.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். பட்டுக்கோட்டையிலேர்ந்து டவுன் பஸ்ல வர்றப்ப ரெண்டு சீட்டு முன்னாடி அந்தக்கா. முடி நெறைய நரச்சிருந்துச்சு. திருப்பூர் மாமாவுக்கு மூட்டு வலி, இங்கயே வந்துட்டாராம், திரும்ப நட்ட தென்ன பாள விட்டிருக்காம், அதெல்லாம் சொன்னாங்க. கண்டக்டர் வந்தாரு. 2021லேர்ந்து பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல காசு கிடையாதே, இருந்தாலும் சீட்டு கிழிச்சுக் குடுப்பாங்க, எத்தன பேரு போனாங்கன்னு அவங்களுக்குக் கணக்கு வேணும். முன்னாடி உக்காந்திருந்த பொண்ணு சீட்ட வாங்குன கையோட ஜன்னல்ல பறக்க விட்டுச்சு. அந்தக்கா வாங்கி, கண்ணுக்குக் கிட்ட வெச்சு தேதி சரியா விழுந்திருக்கான்னு பாத்தாங்க. நாலா மடிச்சாங்க. இடுப்புலேர்ந்து சுருக்குப்பைய எடுத்து உள்ள வெச்சு, கயித்த இறுக்கி முடிஞ்சாங்க.

"எறங்கறப்ப யாராச்சும் கேப்பாங்க தம்பி"ன்னாங்க.

நான் என் சீட்டத் தேடுனேன். சட்டப் பையில இல்ல, கீழ எங்கயோ விழுந்துருச்சு போல.